அம்மாவின் அறிவித்தலில் நான் விட்ட பெயர்

முப்பத்தாறு வருடங்களாக இருபத்தொரு வயதிலேயே நிற்கிற என் இராசண்ணாவுக்கு,

அம்மா போய்விட்டா, அண்ணா. இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். கனடாவில், ஸ்காபரோ என்ற இடத்து ஆஸ்பத்திரி ஒன்றில், காலை பத்து மணிக்கு, நான் அவவின் தலையை வாரி முடித்துச் சீப்பைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டா. நோவில்லாமல்தான் போனவ என்று நேர்ஸ் சொன்னா. எண்பது வயது, அழுகிற வயதா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அழுதேன், இன்னும் அழுகிறேன்.

அங்கே உங்களைக் கண்டிருந்தால் என்னைப் பற்றி நிறைய முறைப்பாடு சொல்லியிருப்பா. சோற்றுக்கு உப்புப் போட விடுவதில்லை, குளிருக்குள் வெளியே விடுவதில்லை, மகளை அதட்டுவதில்லை. ஆனால் என்னுடைய பெரிய பிழை அவவுக்குத் தெரியாது. அதை நான் செய்தது அவ கண்ணை மூடி ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு. அதை நானேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பார்கள், நினைவிருக்கும். அம்மாவின் கல்வெட்டில் இந்தக் கடிதத்தையும் போடப்போகிறேன். ஆகவே உங்களோடு நான் கதைப்பதை நாங்கள் இருக்கிற இந்த வெக்ஸ்போர்ட் பகுதியில் பாதிப்பேர் ஒட்டுக்கேட்பார்கள். கேட்கட்டும்.

அம்மா போன அன்று பின்னேரம் தமிழ்ப் பத்திரிகைக்கு மரண அறிவித்தல் கொடுக்க ரெலிபோன் எடுத்தேன். அந்தத் தம்பி மரியாதையான பிள்ளை. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"பிறந்த இடம் எழுதியாச்சு, வசிப்பிடம் எழுதியாச்சு. பிள்ளையள் எத்தினை பேர் அக்கா? பேரையும் உத்தியோகத்தையும் சொல்லுங்கோ, உத்தியோகம் அடைப்புக்குள்ளை போடவேணும்."

எங்கள் ஆட்களின் அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? செத்தவருக்கு இரண்டு வரி, சொந்தக்காரருக்கு இருபது வரி. பெயருக்குப் பக்கத்தில் உத்தியோகம் இல்லாவிட்டால் அந்த ஆளே இல்லாத மாதிரி. ‘காலஞ்சென்ற இராசேந்திரம்’ என்று சொல்லிவிட்டு, அடைப்புக்குள் என்னவென்று சொல்வேன்? இலங்கை விமானப்படை என்றா? இந்த ஊரில், எங்கள் சனம் வாசிக்கிற பேப்பரில்?

"நான் ஒரு ஆள்தான் தம்பி" என்றேன்.

"ஒரே பிள்ளையோ அக்கா?"

"ஓம்."

அவ்வளவுதான். சொல்லி முடித்து ரெலிபோனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். அடுத்த நாள் பேப்பர் வந்தது. ‘வதனியின் பாசமிகு தாயாரும்’ என்று ஒற்றை ஆளாய் என் பெயர். என் மகள் ஆரணி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அம்மா, அம்மம்மாக்கு ரூ கிட்ஸ் எல்லே? வை ஒன்லி யூ?" என்று கேட்டாள். பேப்பரில் இடம் காணாது என்று சொன்னேன். பதினேழு வயதுப் பிள்ளை. நம்பாமல் என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். உங்களுக்குப் பிறகு நடந்தது ஒன்றும் உங்களுக்குத் தெரியாதே. நீங்கள் ஜெட் ஓட்டப் பழகின காலத்தில் ஆகாயத்தில் சத்தம் கேட்டால் ஊரே வெளியே ஓடிவந்து பார்த்தது. ஒருநாள் நீங்களே எங்கள் வளவுக்கு மேலால் தாழப் பறந்து போனீர்கள். முதலில் நீங்கள் போனீர்கள், பிறகுதான் சத்தம் வந்தது. அம்மா உலக்கையைப் போட்டுவிட்டு முற்றத்தில் நின்று, போன பிறகும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தா. அதற்காக மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டினதாகப் பிறகு எழுதியிருந்தீர்கள். பெரிய துரை, எழுத்தில்கூடச் சிரிப்பு.

நீங்கள் போய் இருபது இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அதே உடுப்புப் போட்டவர்கள் எங்களுக்கு மேலாலேயே பறந்தார்கள், அண்ணா. குண்டு போட்டார்கள். பொம்மர் என்று அதற்குப் பெயர் வைத்தோம். சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்குள் ஓடினோம். ஓடிய எல்லாரும் திரும்பி வரவில்லை. நானும் அம்மாவும் ஆரணியும், நீங்கள் காணாத உங்கள் மச்சான் சிவமும் கடைசியில் இந்தக் கட்டடத்துப் பன்னிரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தோம். இங்கே எங்கள் தளத்திலேயே ஆறு வீடு எங்கள் ஆட்கள். பொம்மருக்கு யாரையாவது கொடுக்காத வீடு குறைவு.

பதினான்காம் மாடியில் பரமேசக்கா இருக்கிறா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. அவவின் கடைசி மகன் படிக்கப் போன இடத்தில், கையில் கொப்பியோடு, அப்படித்தான் போனான். வந்த கிழமையே அவ எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்தா. அம்மாவோடு உடனே ஒட்டிக்கொண்டா. "உங்களுக்கு இவ ஒரு ஆளோ?" என்று கேட்டபோது அம்மா வாய் திறப்பதற்குள் நான் முந்தினேன். "எனக்கு மேலை ஒரு அண்ணா. கொழும்பிலை கார் அக்சிடென்ரிலை செத்துப்போனார்." அம்மா என்னைப் பார்த்தா. அன்றிலிருந்து இந்த ஊரில் உங்களுக்கு அதுதான் சாவு.

உங்கள் படம் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. தொப்பி, உடுப்பு, நெஞ்சில் பயிற்சிக்காரருக்குக் கொடுக்கிற சின்னம். அம்மா எந்த இடப்பெயர்விலும் அதைச் சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்தா. இங்கே ஹோலில் மாட்ட வேண்டும் என்று ஒரே பிடியாய் நின்றா. நான் பிளாசாவில் உள்ள ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோனேன். அங்கே செத்தவர்களின் பழைய படங்களுக்குக் கோட்டும் ரையும் போட்டு வடிவாக்கித் தருவார்கள். சாரத்தோடு நின்ற கமக்காரரெல்லாம் அங்கே போய் வங்கி முகாமையாளராய் வெளியே வருவார்கள். உங்களுக்கும் ஒரு சாம்பல் நிறக் கோட்டு, சிவப்பு ரை. தொப்பியை எடுத்துவிட்டுத் தலைமயிர் வரைந்திருந்தார்கள்.

சட்டம் போட்டுக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தா.

"இது ஆர்?" என்று கேட்டா.

அவவுக்கு மறதி வந்துவிட்டது என்று பயந்தேன். மறதி இல்லை. "என்ர பிள்ளையின்ரை உண்மைப் படத்தை எங்கை வைச்சிருக்கிறாய், அதைத் தா" என்று கையை நீட்டினா. கொடுத்தேன். கோட்டுக்காரனை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ஹோலில் ஆணி மட்டும் இருந்தது.

அவ ஏன் அந்தப் படத்தை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தா என்று எனக்குத் தெரியாதா? உங்கள் பெட்டி ரயிலில் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஆணி அடித்து மூடின பெட்டி. கூட வந்த இரண்டு பேர் திறக்கக்கூடாது என்று சொன்னார்கள். "என்ர பிள்ளையோ எண்டு நான் பார்க்க வேண்டாமே?" என்று அம்மா ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு திரிந்தா. ஐயா மட்டும் "வேண்டாம்" என்றார். அப்படியே எரித்தார்கள். அவவுக்கு உங்கள் கடைசி முகம் அந்தப் படம்தான். அதிலிருந்த உடுப்பைக் கழற்றி வேறு ஒருவனின் கோட்டைப் போட்டேன் நான்.

உங்கள் பயிற்சி ஆசிரியர் எழுதின ஆங்கிலக் கடிதத்தை ஐயா எங்களுக்குத் தமிழில் சொன்னார். விமானத்தை வேண்டுமென்றே சுழலவிட்டு, பிறகு சுழலை நிறுத்தி நேராக்கிற பயிற்சியாம். அதற்கு முதல் நாலு தரம் ஆசிரியரோடு செய்திருக்கிறீர்கள். அன்று முதல்தரம் தனியே. சுழன்றது, நிற்கவில்லை. கீழே காடு. காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அந்த இயந்திரம் எங்கள் எல்லாருக்குமே புதிது என்றும் எழுதியிருந்தார். காரணம் தெரியவில்லை என்ற வரியை ஐயா மூன்று தரம் வாசித்தார். பிறகு கடிதத்தை மடித்து வைத்தவர், சாகும்வரை எடுக்கவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்ததை நான் பாடமாக்கி வைத்திருக்கிறேன். ‘இதற்கு முன்னுக்குச் சுழல்கிற விசிறி இல்லை, அம்மா. கண்ணுக்கு முன்னால் ஒன்றும் மறைக்காது, ஆகாயம் மட்டும்தான். மடியில் தேத்தண்ணி வைத்தாலும் சிந்தாது.’ பயமாக இருந்ததா, அண்ணா, அந்தக் கடைசி நிமிடம்? யாரையாவது கூப்பிட்டீர்களா? இதை இத்தனை வருடமும் நான் யாரிடமும் கேட்கவில்லை. கார் அக்சிடென்ரில் செத்தவரைப் பற்றி இப்படியெல்லாம் கேட்க முடியாதே.

இந்த ஊரில் ஒவ்வொரு கோடை முடிவிலும் ஏரிக்கரையில் விமானக் காட்சி வைப்பார்கள். படை ஜெட்டுகள் நாலைந்து சேர்ந்து வந்து குத்துக்கரணம் அடிக்கும். வெள்ளைக்காரர் கதிரை போட்டுப் பார்ப்பார்கள். நாங்கள் வந்த முதல் வருடம் அது எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன், கட்டடத்துக்கு மேலால் கிழித்துக்கொண்டு ஒன்று போனது. ஆரணி தட்டோடு மேசைக்குக் கீழே போய்விட்டாள். சிவம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வெளியே நடையில் யாரோ குழறுகிற சத்தம். பரமேசக்கா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு குளியலறைத் தொட்டிக்குள் படுத்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அம்மா மட்டும் பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனா. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு பிள்ளை. ஆரோ பெத்த பிள்ளை, என்ன வடிவா ஓட்டுது பார்" என்றா.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை பேர் உள்ளே நடுங்கிக்கொண்டிருக்க, இவ பார்த்து ரசிக்கிறா என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களில் பல்கனிக் கதவைப் பூட்டித் திறப்பை நானே வைத்துக்கொண்டேன். எண்பதை எட்டிப்பிடிக்கிற மனுசியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். போன வருடம் மட்டும் எனக்கு அன்றைக்கு வேலை. பூட்ட மறந்து போய்விட்டேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவந்தது இப்போதுதான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு பரமேசக்கா போகாமல் இருந்தா. மடித்த பேப்பரைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தா.

"உதை ஆர் எழுதிக் குடுத்தது?"

"நான்தான் அக்கா."

"கொம்மாவுக்கு ஒரு பிள்ளையே?"

நான் பேப்பரைக் கவிழ்த்துப் போட்டேன்.

"காரிலை அடிபட்டுச் செத்தாலும் பேர் போடலாம்தானே. கொண்ணன்ரை பேர் எங்கை?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தா. "எனக்குத் தெரியும் பிள்ளை. கொம்மா எனக்குச் சொன்னவ."

போன வருடம் அந்தச் சனிக்கிழமை, அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று பரமேசக்கா கீழே வந்திருக்கிறா. சத்தம் தொடங்கினதும் காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் குந்தியிருக்கிறா. அம்மா பல்கனியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, உங்கள் படத்தை எடுத்துக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறா. ஜெட், பயிற்சி, மூடின பெட்டி, எல்லாம்.

"படத்திலை அந்த உடுப்பைக் கண்டன். படத்தை மேசையிலை போட்டிட்டு எழும்பிப் போட்டன். இனி இந்த வாசல் மிதிக்கிறேல்லை எண்டுதான் போனனான்."

இரண்டு கிழமை அவ எங்கள் வீட்டுப் பக்கம் வராதது எனக்கு ஞாபகம் வந்தது. முழங்கால் வருத்தமாக்கும் என்று இருந்துவிட்டேன். என் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

"பிறகு ஒருநாள் கதவு தட்டிக் கேட்டுது. திறந்தால் கொம்மா. தனிய வந்து நிக்கிறா."

லிஃப்டில் தனியே போகப் பயந்தவ, அண்ணா, எங்கள் அம்மா. கதவு மூடினால் என் கையைப் பிடித்துக்கொள்ளுவா. அவ அன்றைக்குத் தானே பொத்தானை அமுக்கி, முதலில் ஒன்பதாம் மாடியில் இறங்கி, யாரோ ஒரு கறுவல் பிள்ளை திருப்பி ஏற்றிவிட, பதினான்காம் மாடிக்குப் போயிருக்கிறா. உள்ளே வரச் சொல்லிப் பரமேசக்கா கேட்கவில்லை. வாசலில் நின்றுகொண்டே அம்மா சொன்னாவாம்.

"பரமேசு, என்ர பிள்ளை அந்த வயதிலை போனது நல்லதுக்கோ எண்டு இப்ப சிலநேரம் நினைக்கிறன். பெத்தவள் நினைக்கிற நினைப்பே இது? ஆனால் நினைக்கிறன். இருந்திருந்தால் ஆரின்ரை வீட்டுக்கு மேலாலை பறந்திருப்பானோ எண்டு எனக்குத் தெரியேல்லை. அவன்ரை முகத்தைக் கடைசியாப் பார்க்கவும் குடுத்துவைக்கேல்லை, அவன் இருந்திருக்கலாம் எண்டு இப்ப முழு மனதோடை அழவும் ஏலாமல் கிடக்கு."

இதைச் சொல்லும்போது பரமேசக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. "அதைக் கேட்ட பிறகு நான் என்ன செய்ய? கதவை விரியத் திறந்து விட்டன். ரெண்டு பேரும் இருந்து அழுதம். அவ தன்ரை பிள்ளைக்கு, நான் என்ர பிள்ளைக்கு."

அண்ணா, இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் உங்களை ஒளித்தது அம்மாவைக் காப்பாற்றத்தான் என்று நினைத்திருந்தேன். அவவோ என்னைவிடப் பயங்கரமான ஒன்றை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, அதை ஒரேயொரு ஆளிடம், அதுவும் கேட்டால் காறித்துப்பக்கூடிய ஆளிடம், தேடிப்போய்ச் சொல்லியிருக்கிறா. என்னிடம் சொல்லவில்லை. நான் எங்கே சொல்ல விட்டேன்? கதவையெல்லாம் பூட்டித் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தவள்.

நீங்கள் இருந்திருந்தால் பறந்திருப்பீர்களா? மறுத்து வெளியே வந்திருப்பீர்களா? அதற்கு முதலே தமிழன் என்று உங்களை வெளியே தள்ளியிருப்பார்களா? பறந்திருக்கமாட்டீர்கள், உங்களை எனக்குத் தெரியும் என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்குத் தெரிந்தது, என்னைத் தோளில் தூக்கி முகட்டைத் தொட வைத்த ஒரு இளந்தாரியைத்தான். அவனுக்குப் பின்னால் வந்திருக்கக்கூடிய மனிதனை எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதிவிட்டு விடுகிறேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கும் களைத்துவிட்டது.

போகும்போது பரமேசக்கா சொன்னதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். "அந்த உடுப்புப் படத்தை நான் இன்னும் ஒருக்காப் பார்க்கமாட்டன் பிள்ளை. பார்த்தால் வயிறு எரியும். அது எனக்கு மாறாது. கல்வெட்டிலை வந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போவன். ஆனால் போடு. அவவின்ரை பிள்ளை எல்லே."

நேற்று வேலை முடிந்து பஸ் எடுத்துப் பிளாசாவுக்குப் போனேன். கல்வெட்டு அடிக்கிறதும் அதே ஸ்ரூடியோக்காரர்தான். உங்கள் படத்தைக் கண்டதும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார்.

"அக்கா, நான் அப்பவே இதைக் கோட்டுப் போட்டு மாத்தித் தந்தனான் எல்லே? அதைப் போடுவம். இதைப் போட்டால் சனம் கண்டபடி கதைக்கும். உங்களுக்கும் வளர்ந்த பொம்பிளைப்பிள்ளை இருக்கு."

"கதைக்கட்டும் தம்பி. அம்மாவின்ரை படத்துக்குப் பக்கத்திலை போடுங்கோ. சின்னனாப் போடவேண்டாம்."

"கீழை என்னெண்டு எழுதிறது?"

பத்திரிகைத் தம்பி கேட்ட அதே கேள்வி. ஒரு கடதாசி வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். காலஞ்சென்ற இராசேந்திரம், விமானப்படைப் பயிற்சி விமானி, ஜெட் பயிற்சிப் பறப்பில் இறந்தவர், அம்மாவின் மூத்த பிள்ளை. வீட்டுக்கு வந்து ஆரணியை இருத்திவைத்து உங்கள் கதை முழுவதையும் சொன்னேன். முதலில் அவளுக்குக் கோபம். பிறகு, "மாமா ஜெட் ஓட்டினவர் எண்டு யூ நெவர் ரோல்ட் மீ" என்று அழுதாள்.

புத்தகம் கையில் கிடைத்ததும் சிலர் இந்தப் பக்கத்தைக் கிழிப்பார்கள். சிலர் இனி எங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுடைய கோபம் அது, அதோடு எனக்கு வழக்கில்லை. எனக்குப் பயம் இல்லை என்றும் சொல்லமாட்டேன், நல்ல பயம் இருக்கிறது.

ஆனால் இதை உங்களுக்குச் சத்தியமாய்ச் சொல்கிறேன். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று இனி யார் கேட்டாலும் ஒரு அண்ணா என்று சொல்லுவேன். என்ன வேலை என்று கேட்டால் அதையும் சொல்லுவேன். எப்படிச் செத்தார் என்று கேட்டால், ஜெட் ஓட்டப் பழகும்போது விழுந்து செத்தார், காரணம் தெரியாது என்று சொல்லுவேன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் சாத்தட்டும், அண்ணா. சாத்தின கதவுக்கு முன்னால் போய் நின்று தட்டுகிறது எப்படி என்று அம்மா எனக்குக் காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறா.

உங்களுக்கு அடுத்துப் பிறந்த தங்கச்சி,
வதனி